மனம் வராத நாளில் கமராவை எடுப்பது பற்றி

தங்கச்சி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் இருக்கிறீர்கள், 26 வயது. ஏழு மாதமாக மனச்சோர்வுக்குக் கிளினிக் போய்க் குளிசை எடுக்கிறீர்கள். முன்பு கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று கமராவும் கையுமாகத் திரிந்தவர். இப்போது கமரா அலுமாரிக்குள் கிடக்கிறது. படம் எடுப்பது மனச்சோர்வுக்கு நல்லது என்று எங்கோ வாசித்திருக்கிறீர்கள். அது உண்மையா, உண்மையென்றால் குளிசையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "பிடித்த வேலையைக்கூடச் செய்ய ஏலாமல் கிடக்கிறது, நான் சோம்பேறியாகிவிட்டேனோ?" உங்களை வருத்துகிற கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. இந்த மாவட்டத்தில் உளவளத்துணையாளராக நீண்ட காலம் வேலை செய்தவள். படம் எடுப்பது என் சொந்தப் பழக்கம். உங்களை நேரில் கண்டதில்லை என்பதால் உங்கள் நோய் எந்த அளவில் இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. இந்த எல்லைக்குள் நின்று பேசுகிறேன்.

சோம்பல் உள்ளவருக்கு வேலை செய்யாமல் இருப்பது சுகமாக இருக்கும். உங்களுக்கு அது சுகமாக இல்லை, அதனால்தான் இரவில் இருந்து இந்தக் கேள்வியை எழுதியிருக்கிறீர்கள். மனச்சோர்வைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் பார்க்கிற இரண்டு முக்கிய அறிகுறிகளில் ஒன்று, இரண்டு வாரமோ அதற்கு மேலோ அநேகமாக நாள் முழுதும் நீடிக்கிற கவலை. மற்றது, முன்பு பிடித்திருந்தவற்றில் பிடிப்பு அற்றுப்போவது. நித்திரைக் குழப்பம், பசியின்மை, களைப்பு, கவனம் நில்லாமை, எதற்கெடுத்தாலும் தன்னையே குற்றம் சொல்வது எல்லாம் இவற்றோடு சேர்ந்து வருபவை. கமராவைத் தொட மனம் வராததும், அதற்காக உங்களையே திட்டிக்கொள்வதும் நோயின் இரண்டு முகங்கள். காய்ச்சல்காரருக்கு வாய் கசக்கிறது என்பதற்காகச் சோறு கெட்டுப்போய்விட்டது என்று யாரும் சொல்வதில்லையே. உங்கள் ரசனையும் அப்படித்தான், அது எங்கும் போய்விடவில்லை.

சரி, படம் எடுப்பது உதவுமா? இதற்குப் பதில் இரண்டு அடுக்காக இருக்கிறது. ஒன்று உறுதியானது, மற்றது அவ்வளவு உறுதியில்லாதது. உறுதியானதை முதலில் சொல்கிறேன். மனச்சோர்வு வந்தவர் மெல்ல மெல்ல வெளியே போவதைக் குறைக்கிறார், ஆட்களைச் சந்திப்பதைக் குறைக்கிறார், கைவேலையை விடுகிறார். அவை தந்துகொண்டிருந்த சின்னச் சின்னத் திருப்தியும் நின்றுபோகிறது. மனம் இன்னும் கீழே இறங்குகிறது. அதனால் மிச்சமிருந்த வேலையும் நின்றுபோகிறது. இந்தச் சுழலை 1970களில் அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லூவின்சன் விளக்கமாக எழுதினார். அதிலிருந்து வளர்ந்த சிகிச்சை முறையில், மனம் சரியாகட்டும் பிறகு செய்வோம் என்று காத்திருப்பதில்லை. சிறிய செயலை நேரம் குறித்துச் செய்துவிட்டு, மனம் பின்னால் வரட்டும் என்று விடுவார்கள். 2016இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. மனச்சோர்வு உள்ள 440 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு நன்கு பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் எண்ணங்களைத் திருத்துகிற உரையாடல் சிகிச்சையைக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு இளநிலை மனநலப் பணியாளர்கள் இந்தச் செயல்வழி முறையைக் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டாவது கூட்டத்தினர் பின்தங்கியிருக்கவில்லை. எங்களைப் போன்ற ஊரில் இது பெரிய விஷயம். சிறப்புச் சிகிச்சையாளரைத் தேடிக் கொழும்புக்கு பஸ் ஏற வசதியில்லாதவர்களுக்கும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது என்று அர்த்தம்.

உறுதி குறைந்த பகுதி, அந்தச் செயல் படம் எடுப்பதாகவே இருக்க வேண்டுமா என்பது. கலைகளும் ஆரோக்கியமும் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019இல் 3000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. கலைகள் மனநலத்துக்கு உதவுகின்றன என்ற பக்கத்துக்கு அதில் நிறைய ஆதாரம் இருக்கிறது. ஆனால் பாட்டு, நடனம், ஓவியம், நாடகம் எல்லாம் அதில் அடக்கம். புகைப்படத்தை மட்டும் பிரித்தெடுத்தால் பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள். தினமும் ஒரு படம் எடுத்துப் பகிர்கிற பழக்கத்தைப் பற்றி இங்கிலாந்தின் இரண்டு ஆய்வாளர்கள் 2018இல் எழுதியது அப்படியான ஒன்று. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களுடன் ஆழமாகப் பேசிச் செய்தது. அந்தப் பழக்கம் தங்களை வெளியே இறக்கியது, அன்றைய நாளில் எதையாவது கவனிக்க வைத்தது, மற்றவர்களோடு பேச வைத்தது என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை உண்டு, என் அனுபவமும் அதையே சொல்கிறது. அதற்காக இதை மருந்து என்று சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு நேரடியாகப் பயன்படக்கூடிய வேறு இரண்டு ஆய்வுகள் இருக்கின்றன. 2016இல் கிறிஸ்டின் டீலும் அவருடைய கூட்டாளிகளும் பல சோதனைகள் செய்து, படம் எடுத்துக்கொண்டே ஓர் அனுபவத்தில் இருப்பவர்கள் அதைக் கூடுதலாக ரசிக்கிறார்கள் என்று காட்டினார்கள். காரணம், கண் அந்த இடத்தில் ஊன்றி நிற்பதுதான். ஆனால் எதிரே நடப்பது பார்க்கச் சகிக்காத ஒன்றாக இருந்தபோது, படம் எடுத்தவர்களுக்கு அது இன்னும் மோசமாகத் தெரிந்தது. அவர்கள் மனச்சோர்வு உள்ளவர்கள் இல்லை, ஆகவே அப்படியே உங்கள்மீது பொருத்த முடியாது. என்றாலும் கமரா எதன்மேல் திரும்புகிறதோ அது பெரிதாகும் என்பதை நான் பலரிடமும் பார்த்திருக்கிறேன். அதே குழுவினர் 2018இல் இன்னொன்றையும் காட்டினார்கள். சமூக வலைத்தளத்தில் போடுவதற்கென்று எடுக்கும்போது ரசனை குறைகிறது. அடுத்தவர் என்ன நினைப்பார் என்ற எண்ணம் உள்ளே வந்துவிடுகிறது. அதனால் முதல் சில மாதங்களுக்கு நீங்கள் எடுப்பதை பேஸ்புக்கிலோ இன்ஸ்டகிராமிலோ போட வேண்டாம். லைக் வராத ஒரு படம், "நான் ஒன்றுக்கும் உதவாதவள்" என்று ஏற்கனவே சொல்லிக்கொண்டிருக்கிற மனதுக்குப் புதிய சாட்சியாகிவிடும். யாராவது ஒருவருக்கு மட்டும் வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "வடிவு, சூப்பர்" என்று எழுதுகிறவரைவிட "இது எங்கே, என்ன நேரம்?" என்று கேட்கிறவர் நல்லது.

எப்படித் தொடங்குவது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். "நாளைக்கு விடியப்புறம் நிலாவெளிக்குப் போய்ச் சூரியோதயம் எடுப்பேன்" என்று திட்டம் போடாதீர்கள். அது சுகமாக இருந்த உங்களுடைய திட்டம். நடக்காமல் போகும், பிறகு அதற்கும் உங்களைத் திட்டிக்கொள்வீர்கள். முதல் நாள் வேலை, கமராவை அலுமாரியிலிருந்து எடுத்து பற்றரியைச் சார்ஜில் போடுவது. அவ்வளவுதான், அன்றைக்குப் படம் வேண்டாம். அடுத்த நாள் லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எங்கள் ஊரின் கடற்காற்றிலும் ஈரத்திலும் மாதக் கணக்காகப் பூட்டி வைத்த லென்ஸுக்குள் சிலந்தி நூல்போலப் பூஞ்சணம் பிடிப்பது வழக்கம். பிடித்திருந்தால் மனம் விடாதீர்கள், துப்புரவாக்கலாம், அதுவரைக்கும் போன் இருக்கிறது. பிடிக்காவிட்டால், இனி சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மூன்றாம் நாள், தினமும் தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு இதை முடிச்சுப் போடுங்கள். காலைத் தேத்தண்ணி குடித்த கோப்பையைக் கழுவி வைத்ததும் பத்து நிமிடம், வீட்டுக்குள்ளேயோ முற்றத்திலோ, ஒரே ஒரு படம். மனம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டாம், கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும்.

காலையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காலை வெளிச்சம் உடம்பின் நாள் ஒழுங்கைச் சீராக்கும், இரவு நித்திரைக்கும் அது உதவும். படத்துக்கும் அதுவே நல்ல நேரம். இங்கே ஆறு மணியளவில் வெளிக்கிற சூரியன் எட்டு மணிவரை பக்கவாட்டில் விழுந்து, சாதாரண சருவக் குடத்துக்குக்கூட ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் நிழலும் தருகிறது. பத்து மணிக்கு மேல் எல்லாம் வெளிறிப்போகும். போனில் எடுப்பதென்றால், திரையில் மிகவும் வெளிச்சமான இடத்தை விரலால் தொட்டுவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துப் பாருங்கள். நிழல்கள் நிழலாகவே நிற்கும்.

இன்னொன்று, முழுப்பொருளையும் எடுக்காதீர்கள், அதில் ஒரு பகுதியை எடுங்கள். லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் பொருட்களைச் சும்மா படம் பிடித்துக்கொண்டு போனவர்கள், கண்ணால் மட்டும் பார்த்தவர்களைவிட அவற்றைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். பொருளின் ஒரு பகுதியை நெருக்கி எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு ஏற்படவில்லை. நெருக்கி எடுக்க வேண்டுமென்றால் பார்த்தே ஆக வேண்டும். மனச்சோர்வில் எண்ணம் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். மாமரத்துப் பட்டையில் ஏறுகிற எறும்புகளைக் குவியத்துக்குள் கொண்டுவர முயல்கிற அரை நிமிடத்தில் அந்தச் சுற்று நிற்கிறது. அரை நிமிடம் என்பது உங்கள் நிலையில் சின்னக் காரியம் இல்லை.

என்னிடம் வந்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். நீண்ட காலம் வீட்டை விட்டு இறங்காதவர். கிளினிக்குக்கு மட்டும் மகன் கூட்டி வருவான். மகனுடைய பழைய போனில் நாளுக்கு ஒரு படம் எடுத்துவரச் சொன்னேன். எடுத்துவந்தது எல்லாமே ஒரே படம். ஓட்டுக்கூரையில் பதித்திருந்த கண்ணாடி ஓட்டின் வழியாக வெயில் இறங்கி, சீமெந்து நிலத்தில் ஒரு வெள்ளைச் சதுரமாக விழுந்திருந்தது. அதில் அடுப்படிப் புகை நீலமாக மிதந்தது. அடுத்த முறையும் அதே சதுரம், அதற்கடுத்த முறையும் அதுவே. வேறு ஏதாவது எடுங்களேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சொல்லாதது நல்லதாகப் போயிற்று. ஒருநாள் அவராகவே போனை என் பக்கம் திருப்பி, "இது முந்தி அரிசி வாளிக்குப் பக்கத்தில விழுந்தது, இப்ப ஏன் சுவர் ஓரத்துக்குப் போயிட்டுது?" என்று கேட்டார். சூரியன் வருடம் முழுக்க வடக்கும் தெற்குமாக நகர்கிறது, எங்கள் ஊரில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நேர் உச்சிக்கு வருகிறது என்று விளக்கினேன். விளக்கம் முக்கியமில்லை. அத்தனை மாதத்தில் அவர் எதைப் பற்றியும் கேட்ட முதல் கேள்வி அது. அவர் மருந்தையும் விடவில்லை, கிளினிக்கையும் விடவில்லை. இதுவும் கூட இருந்தது. அவர் சுகமானதில் எவ்வளவு பங்கு எதற்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

வீட்டுக்குள் கொஞ்சம் பழகிய பிறகு வெளியே போகலாம். ஒரு பெண்பிள்ளை தனியாகக் கமராவோடு நின்றால் ஊர்க்கண் எப்படித் திரும்பும் என்பது எனக்குத் தெரியும், "தைரியமாகப் போங்கள்" என்று எழுதிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. பின்னேரம் அம்மாவையோ தங்கையையோ கூட்டிக்கொண்டு டச்சு விரிகுடாக் கடற்கரைக்குப் போங்கள். குடும்பம் குடும்பமாக ஆட்கள் கச்சான் கொறித்துக்கொண்டு இருக்கிற நேரத்தில் யாரும் உங்களைக் கவனிக்கப்போவதில்லை. அம்மாவுக்கும் காலாற நடந்தது போலாகும். கோட்டைப் பக்கம் புள்ளிமான்கள் தெருவோரத்தில் ஆட்களுக்குப் பழகி நிற்கும். ஓடிப்போகாத மிருகம், அவசரப்படுத்தாது, தொடக்கத்துக்கு நல்ல ஆட்கள். அதன் காதுக்குள் இருக்கிற வெள்ளை மயிரை எடுத்துப் பாருங்கள். கடல் அமைதியாக இருக்கிற மாதங்களில் உப்புவெளிப் பக்கம் கரைவலை இழுப்பதைக் கண்டால், வலைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கயிறு பிடித்த கையையோ மிதப்புக் கட்டையையோ எடுங்கள். கேட்பதில் இரண்டு நன்மை. அது மரியாதை. அதோடு, பல நாளாக ஒரு அந்நியரோடு பேசாத உங்களுக்கு, பேசுவதற்கு ஒரு காரணமும் கிடைக்கிறது. கோட்டைக்குள் இராணுவமும் துறைமுகப் பக்கம் கடற்படையும் இருப்பதால் முகாம், வாசல், காவல் நிலை எதையும் எடுக்க வேண்டாம். யாராவது அதட்டினால் நல்ல மனநிலையில் இருப்பவரே வீட்டுக்குப் போய் இரண்டு நாள் யோசிப்பார்.

எதை எடுக்க வேண்டாம் என்பதில் எனக்குச் சற்றுக் கண்டிப்பான கருத்து இருக்கிறது. அடுத்தவர் துயரத்தை எடுக்காதீர்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரை முழுக்கக் கமராக்கள் வந்தன. பிள்ளையைப் பறிகொடுத்தவர் அழுகிற முகத்தை, அவரிடம் பெயர்கூடக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அந்த வலி இன்னும் ஆட்களிடம் இருக்கிறது. உங்களுக்கும் அது நல்லதில்லை, முன்பு சொன்னதுபோல் கமரா பார்ப்பதைப் பெரிதாக்கும். அதேபோல, பழைய அல்பங்களை எடுத்துப் பார்ப்பதையோ ஸ்கேன் பண்ணுவதையோ இப்போதைக்குத் தொடங்க வேண்டாம். யுத்தம், சுனாமி, வெளிநாடு என்று எங்கள் வீட்டு அல்பங்களில் இருப்பவர்களில் இப்போது எங்களோடு இல்லாதவர்கள்தான் அதிகம். அதைத் துணையோடு செய்யலாம், உளவளத்துணையாளர் பக்கத்தில் இருந்து செய்யவும் முறைகள் இருக்கின்றன. தனியாக, நடுச்சாமத்தில் செய்யக்கூடாது.

புதிய கமரா, புதிய லென்ஸ் என்று கடன்பட்டு எதுவும் வாங்காதீர்கள். அதோடு ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். திடீரென்று நித்திரையே தேவைப்படாமல், இரவு பகலாக நூற்றுக்கணக்கில் படம் எடுத்துக்கொண்டு, காசைத் தாறுமாறாகச் செலவழித்துக்கொண்டு, பேச்சு வேகம் கூடி, உலகத்தையே வெல்லலாம் போன்ற உற்சாகம் வந்தால், சுகம் வந்துவிட்டது என்று வீட்டார் சந்தோஷப்படுவார்கள். சிலருக்கு அது நோயின் மறுபக்கமாக இருக்கும், மருந்தையும் மாற்ற வேண்டி வரும். உடனே டொக்டரிடம் சொல்லுங்கள்.

குளிசை விஷயம். நிறுத்த வேண்டாம். மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் எடுக்கும். சுகமான பிறகும் திரும்பி வராமல் இருக்க, பொதுவாகக் குறைந்தது 6 மாதமாவது தொடரச் சொல்வார்கள், முன்பும் வந்து போனவர்களுக்கு அதைவிடக் கூடுதல் காலம். சட்டென்று விட்டால் தலைச்சுற்று, எரிச்சல், நித்திரைக் குழப்பம் வரலாம், நோயும் திரும்பலாம். விடுகிற காலம் வரும்போது டொக்டரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார். ஏழு மாதம் எடுத்தும் கமராவைத் தொட மனம் வரவில்லை என்றால் அது அவருக்குத் தெரிய வேண்டிய செய்தி. மருந்தின் அளவோ வகையோ போதாமல் இருக்கலாம், தைராய்டு, இரத்தசோகை போன்றவையும் களைப்பைத் தரலாம், பரிசோதித்துப் பார்க்கலாம்.

இப்போதே யோசித்து வையுங்கள், நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றும் மழையும் ஊரை வீட்டுக்குள் அடைத்துவிடும். என் அனுபவத்தில் பலருக்கு மனம் கீழே இறங்குகிற காலம் அது, சுனாமி நாளும் அதற்குள்ளேதான் வருகிறது. யன்னல் கம்பியில் தொங்குகிற மழைத்துளி, ஈரக்குடை, கூரைப் பீலியில் இருந்து வாளிக்குள் விழுகிற தண்ணி என்று வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடிய பட்டியல் ஒன்றை ஐப்பசியிலேயே எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டிவிடுங்கள். மனம் ஓடாத நாளில் யோசிக்கிற வேலை மிச்சம்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை, நான் கேட்காமல் விட மாட்டேன். வந்தால், அந்த நாட்களில் கமராவை எடுத்துக்கொண்டு தனியாக எங்கும் போக வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். நேரே அரசாங்க வைத்தியசாலைக்கும் போகலாம், காசு கேட்க மாட்டார்கள்.

அடுத்த கிளினிக் நாள் வரை ஒரு கலண்டர் தாளில், படம் எடுக்கப் போகுமுன் மனம் பத்துக்கு எத்தனை, எடுத்த பிறகு எத்தனை என்று இரண்டு இலக்கம் மட்டும் எழுதி வாருங்கள். எடுக்காத நாளில் கோடு ஒன்று போடுங்கள், அதுவும் தகவல்தான். அந்தத் தாளை டொக்டரிடம் நீட்டி, "குளிசையோடு இதையும் ஒழுங்காகச் செய்ய விரும்புகிறேன், உளவளத்துணையாளர் ஒருவரிடம் என்னை அனுப்புவீர்களா?" என்று கேளுங்கள். அவருக்கு நேரம் இல்லாவிட்டால் அங்குள்ள தாதியரிடமாவது கேட்டுவிட்டே வாருங்கள்.